கண்ணைச் சிமிட்டுங்க பாட்டி

கோத்தகிரியில் நவம்பர் என்றால் மூடுபனி, சாரல், கூடவே பென்ஷன்காரர்களின் உயிர்வாழ் சான்று. மத்திய அரசு வேலையில் ஓய்வுபெற்றவர்கள் வருஷா வருஷம் இந்த மாதம் அதைக் கொடுத்தாக வேண்டும். 80 வயது ஆனவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். தபால் துறையில் இருந்த எனக்கும் இதே விதிதான். 2021 நவம்பரில், போனில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று ஒரு வசதி வந்தது. எனக்குச் செய்து பார்த்தேன், சுலபமாக முடிந்தது. அடுத்து பக்கத்து வீட்டு அண்ணாவுக்கு, அப்புறம் அவர் மச்சானுக்கு. இப்போது தேயிலைத் தொழிலாளர்கள் வசிக்கும் எஸ்டேட் லைன் வீடுகள் வரை போகிறேன். எழுபது வயதுக்கு மேல் எனக்குக் கிடைத்த உத்தியோகம் இது.

லைன் வீடுகளில் இருக்கும் அக்காமார்களுக்கும் பாட்டிகளுக்கும் வருவது பி.எஃப். பென்ஷன். அதற்கு 2014இல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் மாத்திரை வாங்குவது அதில்தான், பேரப்பிள்ளைக்கு நோட்டு வாங்கித் தருவதும் அதில்தான். இவர்கள் கையை ஒருமுறை பார்த்தால் தெரியும். முப்பது நாற்பது வருஷம் கொழுந்து எடுத்த விரல்கள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கோடு கோடாக வெடிப்பு, வெடிப்புக்குள் தேயிலைக் கறை. ரேகை தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. உயிர்வாழ் சான்றுக்காக மெஷினில் விரலை எத்தனை முறை வைத்தாலும் ரேகை விழாது. அதனாலேயே சில மாதம் பென்ஷன் நின்றுபோன ஒரு பாட்டி எங்கள் பக்கத்தில் இருக்கிறார். உழைத்த கை என்பதற்காக உழைப்பின் பலன் நிற்பதா? எனக்கு அது பொறுக்கவில்லை.

முகம் காட்டும் முறையில் இந்தச் சங்கடம் இல்லை. லைன் வீட்டுக்குள் வெளிச்சம் போதாது என்பதால் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைப்பேன். பனி இறங்கிவிட்டால் கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும். கேமராவைக் கண்டதும் பாட்டிகள் ஸ்டுடியோவில் படம் எடுக்க உட்கார்ந்த மாதிரி விறைத்துக்கொண்டு இமை கொட்டாமல் பார்ப்பார்கள். ஆனால் ஆப் எதிர்பார்ப்பதே இமை கொட்டுவதைத்தான். "கண்ணைச் சிமிட்டுங்க பாட்டி, சிமிட்டுங்க" என்று நான் சொல்ல, சுற்றி நிற்கும் பிள்ளைகளும் சேர்ந்து சொல்ல, பாட்டிக்குச் சிரிப்பு வந்து இரண்டு கண்ணையும் இறுக்கி மூடித் திறப்பார். அவ்வளவுதான், பதிவாகிவிடும். போனுக்கு வரும் பிரமாண் எண்ணை, அதாவது அந்தச் சான்றின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன். அதை மடித்து சுருக்குப்பையில் வைத்துக்கொள்வார்கள்.

ஓடிபி விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறேன். வீட்டுப் பிள்ளை யாராவது கூட இருந்தால்தான் போனைக் கையில் வாங்குவேன். "பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசுறோம், நம்பர் சொல்லுங்க" என்று எவன் கூப்பிட்டாலும் சொல்லக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் மகன், "அப்பா, இந்தக் குளிர்ல எதுக்கு? இங்க வந்து ரெஸ்ட் எடுங்க" என்கிறான். பாசத்தில் சொல்கிறான், தெரிகிறது. ஆனால் வேலை ஓய்ந்த முதல் வருஷம் நான் எடுத்த ரெஸ்ட் எனக்கு நினைவிருக்கிறது. காலையில் பேப்பர், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் எங்கே வலிக்கிறது என்ற யோசனை. இப்போதும் முட்டி வலிக்கத்தான் செய்கிறது. லாங்வுட் சோலைப் பக்கமாக ஏறும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள்கிறேன், சோலைக்குள் குருவிச் சத்தம் கேட்டுக்கொண்டே. மேலே ஒருவர் ஆதார் அட்டையும் பாஸ்புக்கும் எடுத்து வைத்துக் காத்திருப்பார் என்ற நினைப்பில் கால் தானாக எழுந்துவிடுகிறது. வயதான காலத்தில் தைரியமாக இரு, சந்தோஷமாக இரு என்று புத்தி சொல்வார்கள். என்னைக் கேட்டால், நாளைக் காலை நம்மை எதிர்பார்க்க ஓர் ஆள் இருந்தால் அதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பி.எஃப். பென்ஷன்காரர்கள் நவம்பருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்த மாதம் கொடுத்தாலும் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லும். அதனால் யாருக்கு எந்தத் தேதி என்று ஒரு டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். வருஷம் முழுக்க வேலை இருக்கிறது. லைனில் பிளஸ் டூ படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்து வருகிறேன், என்னைவிட வேகமாகச் செய்கிறார்கள்.

குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கமும் இப்படி விரல் தேய்ந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். அங்கே ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் நண்பர்கள் யாராவது முன்வந்தால், ஒரு நாள் பஸ் ஏறி வந்து நானே செய்து காட்டுகிறேன். கைவசம் ஒரு ஆண்ட்ராய்டு போன் இருந்தால் போதும். வருகிறவர்களிடம் ஆதார், பி.பி.ஓ. எண் (பென்ஷன் உத்தரவு எண்), பேங்க் பாஸ்புக், ஆதாரோடு இணைத்த போன் நம்பர் இவற்றைக் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள்.