காது வெட்டிய குட்டி

இன்று கிளினிக்கில் என் பக்கத்து நாற்காலியில் ஒரு டாபர்மேன் நாய்க்குட்டி, அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தம்பி.

குட்டியின் இரண்டு காதையும் நிமிர்த்தி வெள்ளை பிளாஸ்திரி சுற்றியிருந்தது. ஓரத்தில் கறுப்புத் தையல். தலையை உதறும், உடனே முனகும். பின்னங்காலால் சொறியப் பார்க்கும், கழுத்தில் மாட்டிய பிளாஸ்டிக் கூம்பு தடுத்துவிடும்.

"எதுக்கு தம்பி இது?"

"டாபர்மேன்னா காது நிக்கணும்ல அக்கா. வெட்டினா காதுல சீழும் பிடிக்காதாம்."

நல்ல பையன். யாரோ சொன்னதை நம்பியிருக்கிறான்.

டாபர்மேனுக்குப் பிறவியிலேயே காது தொங்கும். 7 முதல் 12 வாரக் குட்டிக்கு மயக்க மருந்து கொடுத்து, காது மடலில் ஒரு பெரிய பகுதியை வெட்டி எடுக்கிறார்கள். அப்புறம் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் கட்டு. அத்தனைக்குப் பிறகும் சில காதுகள் நிமிர்வதே இல்லை. சீழ் பிடிக்காது என்பதற்கு ஆதாரம் கிடையாது. பயம், பாசம், கோபம் எல்லாவற்றையும் நாய் காதாலும்தானே காட்டுகிறது! அதைப் போய் அழகுக்காக வெட்டுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி இது குற்றம். நம் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும் விலங்கின் உடலைச் சிதைப்பதைக் கொடுமை என்கிறது. மாட்டின் கொம்பை நீக்கவும் மூக்கணாங்கயிறு போடவும் விலக்கு தந்த அந்தச் சட்டம், நாயின் காதை வெட்ட விலக்கு தரவில்லை.

டாபர்மேன், கிரேட் டேன் வாங்கப் போகிறவர்களே, விற்பவரே வெட்டிக் கொடுப்பதும் உண்டு. முன்பணம் கொடுக்கும்போதே "காதுல கை வைக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள்.