52ஆம் தெருவிலிருந்து கார்னகி ஹால் வரை

நியூயார்க்கில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு முழு நாள். சுதந்திர தேவி சிலையை விட்டுவிட்டு, கறுப்பின ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே பாடித் திரிந்த தெருக்களைப் பார்க்கக் கிளம்பினேன்.

முதலில் மேற்கு 52ஆம் தெரு. 1930, 40களில் சின்னச் சின்ன ஜாஸ் கிளப்புகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்த இடம். இப்போது கண்ணாடி அலுவலகங்கள்தான். 'ஸ்விங் ஸ்ட்ரீட்' என்று ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் அங்கே நிற்க மனம் வரவில்லை. சப்வே ஏறி ஹார்லெமில் இறங்கினேன்.

133ஆம் தெருவில் பழுப்புக்கல் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மதுவிலக்குக் காலத்தில் இந்த வீடுகளில் கள்ளத்தனமாக மது விற்றார்கள். கூடவே பாட்டும் இருந்தது. 1933இல் இந்தப் பகுதியில் ஒரு கிளப்பில்தான் பதினேழு வயது பில்லியின் குரல் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹேமண்ட் காதில் விழுந்தது. இசைத்தட்டு வாய்ப்புகள் அவர் மூலமாக வந்தன.

ஒரு படிக்கட்டின் ஓரமாக நின்று இயர்போனை மாட்டிக்கொண்டேன். பில்லியின் பாட்டு, 1935 ஜூலை 2 அன்று பதிவானது. பியானோவில் டெடி வில்சன், கிளாரினெட்டில் பென்னி குட்மன், சாக்ஸபோனில் பென் வெப்ஸ்டர். வாசித்தவர்கள் மொத்தமே ஏழு பேர். ஜூக்பாக்ஸில் காசு போட்டுக் கேட்பதற்கென்று செய்த மூன்று நிமிடத் தட்டு. பில்லி ஒரு சுற்று பாடிவிட்டு ஒதுங்கிக்கொள்ள, மற்றவர்கள் ஆளுக்கொரு பங்கு வாசிக்கிறார்கள். அந்தக் குழுவில் அவரும் ஒரு வாத்தியம், அவ்வளவுதான். தான் பாடுவதாகவே தோன்றுவதில்லை, ஊதுகருவி வாசிப்பதாகத்தான் தோன்றுகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

குரல் ஒரு ஸ்தாயியைக் கொஞ்சம்தான் தாண்டும். ஆனால் தாளம் முன்னால் ஓட விட்டு, சொல்லை ஒரு நூலிழை பிந்தி வைப்பார். தவறிவிட்டாரோ என்று நாம் பதறும்போது அடுத்த இரண்டு சொற்களில் வந்து சேர்ந்துவிடுவார். கர்நாடக இசையில் தாளம் தொடங்கிய பிறகு பாட்டைத் தொடங்கும் அனாகத எடுப்பைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தத் தாமதம் அந்நியமாகவே இல்லை. 1937இல் லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் சேர்ந்த பிறகு, பில்லி மூச்சு விடும் இடைவெளியில் அது மெல்லப் பதில் சொல்கிறது. 'லேடி டே' என்ற பெயரும் யங் வைத்ததுதான்.

அடுத்து ஆர்ட்டி ஷாவின் பெரிய குழுவில், வெள்ளையர்களுக்கு நடுவே பாடினார். இதே ஊர் விடுதி ஒன்றில் அவரைச் சரக்கு லிஃப்டில் போகச் சொன்னார்கள். கேட்கவே நெஞ்சு கொதிக்கிறது.

1947இல் போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போனதும், மது விற்கும் கிளப்புகளில் பாடுவதற்கான நியூயார்க் அனுமதி அட்டை பறிபோனது. பெரிய அரங்குகளுக்கு அந்த அட்டை தேவையில்லை. 1948 மார்ச்சில் அவர் பாட, கார்னகி ஹால் நிரம்பி வழிந்தது. ஆனால் பக்கத்து மேசைக்காரரிடம் பேசுவதுபோலப் பாடிய குரலாயிற்றே! அதற்கு ஏற்ற சின்ன அறைகள் அவர் பாடி வளர்ந்த இந்த ஊரிலேயே, 1959இல் 44 வயதில் இறக்கும்வரை, அவருக்குப் பெரும்பாலும் சாத்தியே கிடந்தன.

சாயங்காலம் மறுபடி 52ஆம் தெருவுக்கே வந்தேன். கார்னகி ஹால் 57ஆம் தெருவில். நடந்து பார்த்தேன், கால் மணி நேரம்கூட ஆகவில்லை.