அம்மாவின் வேண்டுதல், என் முழங்கால்

வேண்டிக்கொண்டது அம்மா. முழங்காலிட்டது நான். இதில் எனக்கு முதலில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது, மறைப்பானேன்.

பேரன் ஐந்தாம் வகுப்பை அழாமல் முடித்து ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்துவிட்டால், பள்ளி திறப்பதற்குள் அவனை வேளாங்கண்ணிக்கு அழைத்துவந்து மணல் பாதையில் முழங்காலால் நடப்பதாகப் போன கிறிஸ்துமஸ் சமயத்தில் அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டார். எங்கள் யாரிடமும் கேட்கவில்லை. அம்மா பிறந்தது 1962. திருத்தந்தை 23ஆம் யோவான் வேளாங்கண்ணிக் கோயிலைப் பேராலயமாக உயர்த்தியதும் அதே ஆண்டுதான். "மாதா கோயிலுக்குப் பட்டம் கிடைத்த வருஷம் பிறந்தவள் நான்" என்பது அம்மாவின் நீண்டகாலப் பெருமை. கோயில் நன்றாகத்தான் இருக்கிறது, அம்மாவின் வலது முழங்கால்தான் தேய்ந்துவிட்டது. மாடிப்படியே ஏறக்கூடாது என்று மருத்துவர் சொன்ன அன்று மாலை அம்மா என்னைக் கூப்பிட்டு, "மகன் தீர்த்தாலும் மாதா ஏற்றுக்கொள்வாள்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

மகனுக்குத் திக்குவாய். நாலு வயதில் தொடங்கியது. கூட்டத்தோடு சேர்ந்து செபம் சொல்லும்போது ஒரு தடங்கலும் வராது, பாட்டிலும் வராது. தனியாக ஒரு சொல்லைத் தொடங்க வேண்டுமென்றால்தான் கதவு அடைத்துக்கொள்ளும். உயிரெழுத்துகளில், அதிலும் 'அ'வில் ரொம்ப மோசம். அவனுடைய பெயரே அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. (பெயரை இங்கே எழுதவில்லை, வளர்ந்தபின் என்னைக் கோபித்துக்கொள்வான்.) போன வருடம் வகுப்பில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னபோது பின்வரிசையில் யாரோ அவனைப்போலவே பேசிக் காட்டியிருக்கிறார்கள். அதன்பிறகு காலை ஏழு மணி ஆனாலே வயிற்றுவலி. உண்மையான வலிதான், நடிப்பில்லை. ஆறாம் வகுப்பு என்றால் புது ஆசிரியர்கள், புதுப் பையன்கள், முதல் நாளே எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டும். ஏப்ரலிலிருந்தே அவன் அதை எண்ணி எண்ணித் தூக்கத்தில் புரண்டுகொண்டிருந்தான்.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார் எங்களுக்குச் சொன்னது ஒன்றே ஒன்று. "அவன் சொல்லத் தொடங்கிய சொல்லை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள். நிதானமாகப் பேசு என்றும் சொல்லாதீர்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருங்கள், போதும்." மனைவி காத்திருப்பாள். அம்மாவும் செபமாலை உருட்டிக்கொண்டே காத்திருப்பார். நான்தான் முடித்துக் கொடுக்கிறவன். அவன் "அ..." என்று தொடங்கினாலே "அப்பளமா? அண்ணன் வீட்டுக்கா?" என்று முந்திக்கொள்வேன். உதவி செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மோசேயும் திக்குவாய்தானே, அவருக்குப் பதிலாகப் பேச ஆரோன் இருந்தாரே என்று ஒருமுறை வாதாடிப் பார்த்தேன். "அந்த ஆரோன்தானே பிறகு பொன் கன்றுக்குட்டி வார்த்தான்?" என்றார் அம்மா. விவிலியத்தை அம்மாவிடம் எடுக்கவே கூடாது.

மே மாதக் கடைசி வாரம் கிளம்பினோம். மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. திருச்சியிலிருந்து விடியற்காலை பஸ், தஞ்சாவூர், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம். வெயிலுக்கு முன் போய்விடலாம் என்பது திட்டம். வழியில் டயர் பஞ்சராகி முக்கால் மணி நேரம் புளியமரத்தடியில் நின்றோம். நாகப்பட்டினம் தாண்டி வேளாங்கண்ணியில் இறங்கும்போது மணி பத்தரை.

இறங்கியதும் தரகர்கள் மொய்த்துக்கொண்டார்கள். ரூம் வேண்டுமா, ஏசி ரூம் வேண்டுமா, மொட்டை போடுகிறீர்களா, போட்டோ எடுக்கட்டுமா. மாலை வண்டியில் திரும்புகிறோம் என்று நாலு தடவை சொன்னபிறகும் ஒருவர் பையைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் வந்தார். கோடை விடுமுறைக் கூட்டம் வேறு. மலையாளம், கொங்கணி, தெலுங்கு என்று எல்லா மொழியிலும் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மெழுகுவத்தி வாங்க நின்ற கடையில் நடந்ததை இன்னும் பொறுக்க முடியவில்லை. கண், கால், தொட்டில், வீடு என்று தகட்டில் வெட்டிய உருவங்களைப் பரப்பி வைத்திருந்த அந்தக் கடைக்காரர், யாருக்கு வேண்டுதல் என்று கேட்டார். அம்மா வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். உடனே அவர் ஒரு டப்பாவைக் கிளறி வாய்போல் ஒரு தகட்டை எடுத்து மகனின் முகத்துக்கு நேரே நீட்டி, "இதை வைத்தால் கடகடவென்று பேசுவான்" என்றார். பையன் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டான். அவனுடைய உறுப்பு ஒன்று கடையில் விலைக்குக் கிடக்கிறதைப் பார்த்ததுபோல் இருந்தது அந்த முகம். நான் மெழுகுவத்திக்குக் காசைக் கொடுத்துவிட்டு மீதியை வாங்காமலே நடந்தேன். மாதா வாசலில் கோபப்பட்டதற்காகப் பிறகு மாதாவிடம் மன்னிப்புக் கேட்டேன், அந்தக் கடைக்காரரிடம் கேட்கவில்லை.

மணல் பாதையை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. வேட்டியை மடித்துக்கட்டி, முழங்காலில் துண்டைச் சுற்றிக்கொண்டேன். பத்து அடிக்குள் துண்டு நழுவிவிட்டது. தூரத்திலிருந்து பார்க்கும்போது மணல் மெத்தைபோலத் தெரியும், முழங்காலை வைத்தால்தான் அதற்குள் கிளிஞ்சல் துண்டும் பொடிக்கல்லும் இருப்பது தெரிகிறது. எனக்கு முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்காலால் போய்க்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்தபிறகு முனகவும் முடியவில்லை. அம்மா ஓரமாகக் குடையோடு நடந்தார், மகன் தண்ணீர் பாட்டிலோடு என் பக்கத்தில்.

செபமாலையின் 53 மணிக்கும் மாதா செபத்தைச் சொல்லிக்கொண்டே போவது என்று முடிவு. ஒவ்வொரு மணிக்கும் செபத்தின் முதல் பாதி நான் சொல்ல, மறுமொழி அவர்கள் இருவரும். பத்து மணி சேர்ந்தது ஒரு பத்து. இரண்டு பத்து ஒழுங்காகப் போனது. மூன்றாம் பத்தின் தொடக்கத்தில் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. எழுத்துமேசை உடம்பு, வயதும் 40 தாண்டிவிட்டது. கைகளை மணலில் ஊன்றி நின்றுவிட்டேன். செபமும் நின்றது.

மேலே, என் தலைக்குச் சற்று மேலே, "அ" என்று கேட்டது.

பையன் எடுத்துவிட்டான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே. "அ... அ... அ..." அந்த எழுத்தின்மேல் ஏறுவதும் வழுக்குவதுமாக நின்றுகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண்ணிமை துடித்தது, பாட்டிலைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. அந்தச் சொல் என் நாக்கின் நுனியில் முழுதாக இருந்தது. அருள். மூன்றே எழுத்து. தூக்கிக் கொடுத்துவிடலாம், ஏழு வருடமாகக் கொடுத்து வந்தவன்தானே. எனக்கு மூச்சு இல்லை. உண்மையாகவே இல்லை. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எங்களைக் கடந்துபோன குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, மணலின் சூடு உள்ளங்கையில் ஏறி மணிக்கட்டு வரை வந்த நேரம்.

"அருள் நிறைந்த மரியே, வாழ்க."

சொல் வந்ததும் மீதி தண்ணீராக ஓடியது. அம்மாவும் நானும் மறுமொழி சொன்னோம். அடுத்த மணி, மறுபடி அதே 'அ'. ஒரு பத்து என்றால் பத்து முறை அந்தக் கதவைத் தட்ட வேண்டும். தட்டினான். ஆறாவது மணியில் எனக்கு மூச்சு திரும்பிவிட்டது. இருந்தும் வாயை மூடிக்கொண்டு மணலைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்தேன். பிறகு நினைவு வந்து, மணலை விட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். மீதி மூன்று பத்தும் அவன்தான் சொன்னான். திக்காமல் ஒன்றுகூடச் சொல்லவில்லை, பாதியில் ஒன்றையும் விடவும் இல்லை.

முழங்காலில் இரண்டு இடத்தில் தோல் உரிந்திருந்தது. அம்மா மாதா குளத்துத் தண்ணீரைத் தொட்டு வைத்தார். எரிந்தது.

நிழலில் உட்கார்ந்திருந்தபோது அம்மா பேரனுக்கு வேளாங்கண்ணி நடுத்திட்டில் மாதா காட்சி தந்த கதையைச் சொன்னார். நொண்டிப் பையன் மோர் விற்க உட்கார்ந்திருந்தது, கையில் குழந்தையோடு வந்த அன்னை குழந்தைக்கு மோர் கேட்டது, நாகப்பட்டினத்துக்குப் போய் இன்னாரிடம் எனக்கொரு கோயில் கட்டச் சொல் என்று அனுப்பியது, ஓடும்போதுதான் அவனுக்குக் கால் சரியானது தெரிந்தது. நூறு முறை கேட்ட கதை. மகன் கேட்டான், திக்கித் திக்கித்தான் கேட்டான்: "அவன் நாகப்பட்டினம் போய் என்ன சொன்னான்? அவர் உடனே நம்பினாரா?" அம்மாவிடம் பதிலில்லை. எங்கள் குடும்பத்தில் இதுவரை எல்லோரும் அந்தப் பையனின் காலைத்தான் பார்த்திருக்கிறோம். ஒரு சின்னப் பையன் பெரிய மனிதரின் வீட்டு வாசலில் நின்று வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்ததே, அதை யாரும் யோசித்ததில்லை.

பிறகு பேராலயம். வரிசை ஒன்றேகால் மணி நேரம். முன்னால் ஒரு குழு இடையில் புகுந்ததைப் பற்றி எழுதினால் இன்னொரு பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டிவரும், விடுகிறேன். பையில் மகனின் புதுப் பேனாவும், அட்டை போட்ட முதல் நோட்டும் இருந்தன. மாதா பாதத்தில் வைத்து எடுக்க வேண்டும் என்பது அவனுடைய ஆசை. பக்கத்தில் நெருங்கியதும் நேரம் வேறுவிதமாகப் போகிறது. பட்டுச்சேலையில் அன்னை, கையில் பாலன், சுற்றிலும் மெழுகு வாசனையும் மல்லிகையும். அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, கன்னத்தில் நீர்.

நான் கேட்க வேண்டியதைத் திருச்சியிலிருந்தே மனத்தில் எழுதி வைத்திருந்தேன். மகனின் நாவைத் திறந்துவிடு தாயே, என்று. அந்த நேரத்தில் அது வரவில்லை. எலிசபெத்தைப் பார்க்க மரியாள் போன வீடுதான் நினைவுக்கு வந்தது. அந்தத் திருநாள் மே 31, நாலே நாள் இருந்தது. அந்த வீட்டில் வாய் கட்டப்பட்ட ஒரு மனிதர் இருந்தாரே, சக்கரியா. மகன் பிறந்து, பலகையில் அவன் பெயரை எழுதிக் காட்டும்வரை ஒரு வார்த்தை பேச முடியாமல் இருந்த தகப்பன். "தாயே, என் வாயைக் கொஞ்சம் கட்டிப்போடு. அவன் சொல்லி முடிக்கும்வரையாவது." இவ்வளவுதான் கேட்டேன். அதற்குள் தொண்டர், "நகருங்கள், நகருங்கள்" என்று தோளைத் தொட்டுத் தள்ளிவிட்டார். நோட்டும் பேனாவும் பாதம் வரை போகவில்லை. கம்பியில் பட்டுத் திரும்பின. மகன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தான், போதும் என்பதுபோல.

வெளியே விண்ணப்பப் பெட்டியில் அவன் ஏதோ எழுதி மடித்துப் போட்டான். நான் எட்டிப் பார்க்கவில்லை. சொல்லிக்கொள்ளும்படியாக அன்று செய்த இரண்டாவது நல்ல காரியம் அது.

கடலுக்குப் போனோம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அம்மா இந்தக் கரையில் பேரனைக் கணுக்காலுக்குமேல் இறங்க விடுவதில்லை. அன்று திருப்பலிக்கும் கடலுக்குமாக வந்திருந்த எத்தனையோ பேரை அலை கொண்டுபோனது. அவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

மாதாவே, என்ன சொல்லி நன்றி சொல்ல. வரும் வழியில் பஞ்சரானதற்கும் நன்றி. சீக்கிரம் வந்திருந்தால் குளிர்ந்த மணலில் மூச்சு வாங்காமல் 53 மணியையும் நானே சொல்லி முடித்திருப்பேன். அம்மாவின் தேய்ந்த முழங்காலுக்கு நன்றி என்று சொல்லக் கூசுகிறது, ஆனாலும் நன்றி. ஜூனில் புத்தகப்பை தூக்கும் எல்லாப் பிள்ளைகளையும் உன் முந்தானைக்குள் வைத்துக்கொள். பெயர் கேட்டவுடன் சொல்ல முடியாத பிள்ளைகளை முதலில் வை. பள்ளி வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபடி போகிற தாய் தகப்பன்மாரையும் பார்த்துக்கொள். உன் பிள்ளையையே மூன்று நாள் தொலைத்துவிட்டுத் தேடியவள் நீ, எங்கள் பதற்றத்தைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அம்மா, நடுவில் நான், வெளிப்பக்கம் மகன். நடத்துநர் வந்ததும் பணத்தை அவன் கையிலேயே கொடுத்தேன். "எங்கே?" என்றார்.

"திருச்சி. இரண்டு முழு. அ..."

நடத்துநரின் கட்டைவிரல் டிக்கெட் கருவியின்மேல் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ சில்லறைக்குக் கூப்பிட்டார்கள். நான் முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகனின் முகத்தைப் பார்த்தேன். நடத்துநரும் அவன் பக்கம் திரும்பினார்.

"அ... அ... அரை ஒன்று."

கருவி கரகரவென்று மூன்று சீட்டுகளைத் தள்ளியது. அவன் கிழித்து வாங்கி, மீதியை இரண்டு தடவை எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். என்னிடம் தரவில்லை.