கேட்டு எழுதிய மெட்ரிக்

என் பெரியவன் கிரேடு 10 படிக்கும்போது லைஃப் சயின்ஸ் தேர்வில் 50-க்கு 19 வாங்கி வந்தான். விடைத்தாளின் மேலே சிவப்பு மையில் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருந்தார்கள். அன்று ராத்திரி அவனைச் சமையலறை மேசையில் உட்காரவைத்து, அதே கேள்விகளை ஒவ்வொன்றாக நான் வாசித்தேன். அவன் வாயால் பதில் சொன்னான், நான் எழுதிக்கொண்டேன். கூட்டிப் பார்த்தால் 38. ஏற்கெனவே பார்த்த கேள்விகள், அதனால் கூடியிருக்கும் என்று நினைத்து, அவன் பார்க்காத பழைய தாள் ஒன்றை எடுத்தோம். பாதியை அவனே வாசித்து எழுதினான், மீதியை நான் வாசித்தேன். அதே வித்தியாசம். ஒரு கேள்வியில் ‘இவற்றுள் எது சரியல்ல’ என்று இருந்தது. அந்த ‘அல்ல’ அவன் கண்ணில் படவே இல்லை. சரியானது எதுவோ அதை அழகாக எழுதி வைத்திருந்தான்.

நான் கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்துக்கு வந்து 21 வருஷம் ஆகிறது. வீட்டுக்காரர் குடும்பம் நாலு தலைமுறையாக இங்கேதான். வெள்ளிக்கிழமைகளில் இங்குள்ள பங்களாதேஷ் மார்க்கெட்டில் எங்களுக்கு ஒரு காய்கறிக் கடை உண்டு. இவன் பத்து வயதிலிருந்தே அங்கே நிற்பான். மதும்பிக் கிழங்கு (சேப்பங்கிழங்கு), தனியா, பச்சை மிளகாய் என்று நாலைந்து சாமான் எடுத்தால் மொத்தம் எவ்வளவு என்று மனத்திலேயே கூட்டிச் சொல்லிவிடுவான். கோவில் தமிழ்ப் பள்ளியில் எழுத்து ஏறவில்லை, ஆனால் தேவாரம் இரண்டு தடவை காதில் விழுந்தால் பாடிவிடுவான். இப்படிப்பட்ட பிள்ளையைச் சொந்தக்காரர்கள் ‘மக்கு’ என்றார்கள். நானும் ஒரு நாள் கோபத்தில் அந்த வார்த்தையைச் சொன்னேன். அது இன்னும் என்னை உறுத்துகிறது.

அந்த இரண்டு தாள்களோடுதான் பள்ளிக்குப் போனேன். உங்கள் வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள்: ஒரே பாடத்தில், வாசித்துக் காட்டாமல் ஒரு மதிப்பெண், வாசித்துக் காட்டி ஒரு மதிப்பெண். ‘என் பிள்ளை கெட்டிக்காரன்’ என்று எந்த அம்மாவும் சொல்லுவாள், யாரும் காதில் வாங்க மாட்டார்கள். இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் பேச்சு மாறும்.

எங்களுக்கு உடனே மாறவில்லை. பள்ளியில் ஒருவர், சிறப்புப் பள்ளிக்கு அனுப்பிப் பாருங்களேன் என்றார். அதற்கு அவசியமில்லை என்று எனக்குத் தெரிந்தது அப்புறம்தான். 2001-இல் வந்த அரசின் கல்வி வெள்ளை அறிக்கை 6, இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளியிலேயே வைத்து உதவ வேண்டும் என்ற வழியைத்தான் காட்டுகிறது. 2014-இல் வந்த எஸ்.ஐ.ஏ.எஸ். கொள்கை (உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிந்து ஆதரவு தருவதற்கானது) அதற்கான எஸ்.என்.ஏ., அதாவது ஆதரவுத் தேவை மதிப்பீட்டுப் படிவங்களையே வகுத்திருக்கிறது. எஸ்.என்.ஏ. 1 வகுப்பாசிரியர் நிரப்புவது, எஸ்.என்.ஏ. 2 பள்ளியின் ஆதரவுக் குழு நிரப்புவது, எஸ்.என்.ஏ. 3 மாவட்டக் குழு நிரப்புவது. பள்ளி அலுவலகத்தில் போய் ‘என் மகனுக்கு உதவி வேண்டும்’ என்று சொன்னால் ‘பார்க்கலாம்மா’ என்பார்கள். ‘எஸ்.என்.ஏ. 1 எப்போது தொடங்கும்?’ என்று கேட்டால் பதில் வேறு விதமாக வரும். நான் கேட்டதை எல்லாம் கடிதமாக எழுதி இரண்டு பிரதி எடுத்துப் போனேன். ஒன்றில் தேதி போட்டு முத்திரை வாங்கிக்கொண்டேன். வாயால் கேட்டது எதுவும் நகரவில்லை, எழுதிக் கொடுத்தது நகர்ந்தது.

சட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு முதுகு நிமிர்ந்தது அதைப் படித்த பிறகுதான். இந்த நாட்டு அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவு அடிப்படைக் கல்வியை எல்லோருக்கும் உரிமையாக வைக்கிறது. 9-ஆம் பிரிவு உடல், மனக் குறைபாட்டைக் காரணமாக்கிப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நம் டர்பனில் ஜும்மா மஸ்ஜித் ஆரம்பப் பள்ளி இருந்த இடம் தொடர்பான வழக்கு ஒன்று அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2011-இல் வந்த அந்தத் தீர்ப்பு, அடிப்படைக் கல்வி உரிமையை வசதி வரும்போது மெல்ல மெல்லத் தருகிறோம் என்று தள்ளிப்போட முடியாது, அது உடனே கிடைக்க வேண்டியது என்றது. அதற்கு முந்தைய வருஷம், கடுமையான அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே விட்டுவைத்தது அவர்கள் உரிமையை மீறியது என்று மேற்கு கேப் உயர் நீதிமன்றம் சொன்னது. வழக்குப் போட்டவர்கள் அந்தப் பிள்ளைகளுக்காக உழைக்கும் அமைப்பினர். என் மகனைவிட எவ்வளவோ கஷ்டத்தில் இருக்கும் பிள்ளைகளுக்காக அவர்கள் அவ்வளவு தூரம் போனார்கள். நான் மூன்று படிவம் கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தேன்.

மாவட்டக் குழுவின் உளவியலாளருக்காகக் காத்திருக்க நேர்ந்தது. தனியாரிடம் போனால் சீக்கிரம், ஆனால் செலவு அதிகம். நாங்கள் காத்திருந்தோம். அதனால்தான் சொல்கிறேன், மெட்ரிக் வருஷம் (இங்கே கிரேடு 12, பள்ளியின் கடைசி வருஷம்) வரை தள்ளாதீர்கள். கிரேடு 10-இலேயே, முடிந்தால் அதற்கும் முன்னாலேயே தொடங்குங்கள். கடைசியில் டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் உள்ள சிரமம், என்று அறிக்கை வந்தது. அவனுக்குக் கிடைத்தவை: கேள்வியை வாசித்துக் காட்ட ஒருவர், தனி அறை, மணிக்குப் 10 நிமிஷம் கூடுதல் நேரம். அதாவது இரண்டரை மணி நேரத் தாளுக்கு 25 நிமிஷம்.

இதற்கு நடுவில் நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். வாசிப்பு மெதுவாக இருக்கிறது, கணிதம் வேண்டாம், அதற்குப் பதில் மேத்ஸ் லிட்ரஸி (அன்றாடக் கணக்குப் பாடம்) எடுக்கட்டும் என்று கிரேடு 10 தொடக்கத்தில் சொன்னார்கள். சுலபம்தானே என்று நானும் தலையாட்டினேன். மேத்ஸ் லிட்ரஸி தாளைப் பிரித்துப் பாருங்கள்: பத்தி பத்தியாகச் செய்தி, மின்கட்டணப் பட்டியல், வரைபடம், அதன் அடியில் கேள்வி. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு எண்கள் நிறைந்த தாளைவிட அதுதான் பாரம். இவனுக்கோ எண்கள்தான் தோழர்கள். போதாக்குறைக்கு, பல பல்கலைக்கழகப் படிப்புகள் கணிதத்தைத்தான் கேட்கின்றன. எண்களிலேயே சிக்கல் உள்ள டிஸ்கால்குலியா பிள்ளைகள் கணிதத்துக்குப் பதில் வேறு பாடம் எடுக்க வழி உண்டு, அது வேறு விஷயம். உங்கள் பிள்ளைக்கு எங்கே தடுக்கிறது என்று தெரியாமல் பாடத்தை மாற்றாதீர்கள்.

சரி, அனுமதி வந்துவிட்டது, இனி கவலையில்லை என்று நினைத்தோம். மெட்ரிக் வருஷம் செப்டம்பரில் டிரையல்ஸ், அதாவது இறுதித் தேர்வுக்கு முந்தைய மாதிரித் தேர்வு, வந்தது. லைஃப் சயின்ஸ் முதல் தாள் முடிந்து, கூடுதல் நேரம் முழுவதும் மிச்சமிருக்க வெளியே வந்தான். எத்தனை தடவை மறுபடி வாசிக்கச் சொன்னாய் என்று கேட்டேன். “ஒரு தடவைம்மா.” ஏன்? “அந்த ஆன்ட்டி பாவம், தொண்டை கட்டியிருந்தது.”

எனக்குத் தொண்டையை அடைத்தது. அறை கொடுத்தார்கள், ஆள் கொடுத்தார்கள், நேரமும் கொடுத்தார்கள். ஆனால் அவன் அதை யாரோ தனக்குச் செய்யும் தயவு என்றே நினைத்திருந்தான். இதைப் பற்றி அவனோடு நான் ஒரு தடவைகூடப் பேசியிருக்கவில்லை.

அன்றிலிருந்து பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. பாடத்தைவிடக் கேட்பதைத்தான் அதிகம் பழகினோம். அவன் சித்தப்பா மகள் தினமும் சாயங்காலம் வருவாள். கல்வித் துறை இணையதளத்தில் பழைய மெட்ரிக் தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, அவற்றை அச்செடுத்து வைத்திருந்தோம். முதலில் அவள் முக்கியமான சொல் வந்தால் குரலை உயர்த்தி வாசித்தாள். அது கூடாது என்று நிறுத்தினேன். தேர்வு அறையில் வாசிப்பவர் அச்சில் உள்ளதை அப்படியே வாசிப்பார், விளக்க மாட்டார், ஜாடை காட்ட மாட்டார். வானொலிச் செய்தி மாதிரி வாசி என்றேன். அவன் கேட்காமல் அவளும் எதையும் வாசிக்கக் கூடாது. மேசையில் இருபது தீக்குச்சி வைத்தோம். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஒரு குச்சியை அவன் தன் பக்கம் தள்ள வேண்டும், தாள் முடிவதற்குள் இருபதும் அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும்.

முதல் நாள் ஆறு குச்சி. ஒவ்வொன்றுக்கும் ‘சாரி’ சொன்னான். ‘சாரி’ சொன்னால் அந்தக் குச்சி கணக்கில் இல்லை என்று அவன் ஆயா சட்டம் போட்டார். என் மாமியார் அதிகம் படிக்காதவர், ஆனால் இதை அவர்தான் சரியாகப் பிடித்தார். இரண்டாவது வாரத்தில் கேட்கும் விதமே மாறியது. “மறுபடி” என்று பொதுவாகச் சொன்னவன், “2.3-இன் இரண்டாவது வரி மட்டும், மெதுவாக” என்றான். “அட்டவணைத் தலைப்பை முதலில், அப்புறம் கேள்வி” என்றான். எல்லாக் கேள்விகளிலும் ‘அல்ல’ இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, கேள்வியின் முதல் வாக்கியத்தை இரண்டு தடவை கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டான். அந்த யோசனை அவனுடையதே.

நவம்பரில் அதே பாடத்தின் இரண்டாம் தாளில் அவனுக்கு மிஞ்சியது நாலு நிமிஷம். எத்தனை தடவை கேட்டாய் என்றேன். எண்ணவில்லை என்றான்.

ஜனவரியில் நல்லபடியாகத் தேறினான். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பள்ளியில் கிடைத்த ஏற்பாடு தானாகக் கல்லூரிக்கு வராது. அங்கே மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான பிரிவில் புதிதாகப் பதிய வேண்டும். உளவியலாளர் அறிக்கை, எஸ்.என்.ஏ. படிவங்கள், அனுமதிக் கடிதம் மூன்றின் நகல்களையும் பத்திரமாக வைத்திருங்கள். நான் ஒரு நீல ஃபைலில் எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கோத்து அவனோடு போனேன். வாசலில் வைத்து, “நீங்க இங்கேயே உட்காருங்கம்மா, நான் பேசிக்கிறேன்” என்றான். இருபது நிமிஷம் கழித்துக் கதவைப் பாதி திறந்து கையை மட்டும் நீட்டினான்.

“ஃபைலைக் குடுங்கம்மா. என்னென்ன வேணும்னு நானே சொல்லியாச்சு.”