ஸ்டார்டியூ வேலியின் வசந்தத்துக்கு ஒரு மோகனம்

பண்ணை நடத்தும் கணினி விளையாட்டான ஸ்டார்டியூ வேலியில் வசந்தகாலம் முழுதும் வயலில் ஒலிக்கும் இசைகளுள் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நான் புல்லாங்குழலில் வாசித்த மோகனத்தை வைக்கும் வேலை நேற்றிரவு முடிந்தது. அலுவலகம் முடிந்து மந்தைவெளி வீட்டுக்குத் திரும்பிய பிறகு கிடைத்த இரவு நேரங்களில், ஆறு வாரங்களாகச் செய்தது.

மூல இசையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் படம் வரைந்து, நிரல் எழுதி, இசையும் அமைத்து உருவாக்க, 2016 பிப்ரவரி 26 அன்று வெளிவந்த விளையாட்டு இது. அந்த உழைப்பின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் சனிக்கிழமைதோறும் என் கணினியில் இதை விளையாட வரும் அக்கா மகள் ஒருநாள், அடுத்த அறையில் நான் சாதகம் செய்துகொண்டிருந்தபோது, "மாமா, நீங்க வாசிக்கிறத இதுக்குள்ள போட முடியாதா?" என்று கேட்டாள். முடியும் என்பதை அன்றிரவே தேடித் தெரிந்துகொண்டேன்.

விளையாட்டின் இசை பெரிய கோப்புகளாக, அலைத்தொகுப்புகளாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கோப்புகளை நாம் தொட வேண்டியதில்லை. ரசிகர்கள் உருவாக்கிய ஸ்மாபி என்ற நிரல் விளையாட்டோடு சேர்ந்து இயங்கி மாட்களை, அதாவது விளையாட்டை மாற்றியமைக்கும் சேர்க்கைகளை, ஏற்றுகிறது. கன்டென்ட் பேட்சர் என்ற மாட், நாம் எழுதும் ஜேசன் என்ற எளிய உரைக் கோப்பைப் படித்து விளையாட்டின் தரவை நினைவகத்திலேயே மாற்றுகிறது. 2024 மார்ச் 19 அன்று வந்த 1.6 பதிப்பில் ஒலிகளை மாற்றுவதற்கென்றே 'ஆடியோசேஞ்சஸ்' என்ற தரவுப் பகுதி விளையாட்டுக்குள்ளேயே சேர்க்கப்பட்டதால், இசைக்கெனத் தனியாக வேறொரு மாட் இப்போது தேவைப்படவில்லை. மாட் கோப்புறையை நீக்கிவிட்டால் பழைய இசை அப்படியே திரும்பிவிடும் என்பது எனக்குப் பெரிய தைரியத்தைத் தந்தது.

ராகத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் ஆயிற்று. விளையாட்டில் பொழுது காலை 6 மணிக்கு விடிவதால் முதலில் விடியற்கால ராகமான பூபாளம்தான் மனத்தில் வந்தது. ஆனால் அதே இசை நண்பகலிலும் ஒலிக்கும். உச்சி வெயிலில் உருளைக்கிழங்குக்கு நீர் ஊற்றும்போது பூபாளம் கேட்பதை என் காது ஏற்கவில்லை. மோகனத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பழைய முல்லைப்பண்ணே இன்றைய மோகனம் என்று இசை ஆய்வாளர்கள் பலர் கொள்வதால், காடும் மாடும் வயலும் கூடிய அந்தப் பள்ளத்தாக்குக்கு இதைவிடப் பொருத்தமான ஐந்து சுரங்கள் எனக்குத் தெரியவில்லை. வேறொருவர் இயற்றிய கீர்த்தனையையோ திரைப்பாடலையோ எடுக்கக் கூடாது, எல்லாம் என் கற்பனையாகவே இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட்டேன். நாளை இந்த மாடை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் காப்புரிமைச் சிக்கல் வரக்கூடாது.

ரிச்சி தெருவில் வாங்கிய யுஎஸ்பி மைக்கைக் கொண்டு படுக்கையறையில்தான் பதிவு. கதவைத் திறந்து வைத்த பீரோவுக்குள் இருக்கும் புடவைகளும் சட்டைகளும் எதிரொலியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். பகலில் ஆட்டோ சத்தம். விடிந்தால் தண்ணீர் லாரி. இரவு ஒரு மணி முதல் நாலரை வரைதான் எங்கள் தெரு அமைதியாக இருக்கிறது. மின்விசிறியையும் நிறுத்த வேண்டியிருப்பதால், ஒரு சுற்று வாசித்து முடிப்பதற்குள் விரல்கள் வியர்வையில் குழல் துளைகளின்மேல் வழுக்கத் தொடங்கிவிடும்.

முதலில் ஓர் ஆலாபனையைப் பதிவு செய்தேன். வாசிப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் விளையாட்டுக்கு உதவவில்லை. விளையாட்டு இசை முடிந்த இடத்திலிருந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்துகொண்டிருக்க வேண்டும். ஆலாபனையோ மெல்ல விரிந்து, உச்சத்தைத் தொட்டு, இறங்கி முடிவது. முடிந்ததை உடனே மீண்டும் தொடங்கினால், விடைபெற்றுப் போனவர் வாசலிலிருந்தே திரும்பி வந்து வணக்கம் சொல்வதுபோல் இருக்கிறது. ஆகவே தாளத்துக்குள் வந்தேன். நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்துக்கொண்டால் எட்டுத் தட்டுள்ள ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று, 8 விநாடி. 12 ஆவர்த்தனங்கள் 96 விநாடி. ஒலியை எண்களாகப் பதிய விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில் கோப்பின் நீளம் சரியாக 42,33,600 மாதிரிகளாக இருக்க வேண்டும். அந்த எண்ணில் வெட்டினால் கடைசி ஆவர்த்தனம் முடிந்ததும் முதல் ஆவர்த்தனத்தின் சமம், அதன் தொடக்கத் தட்டு, பிசகாமல் வந்து விழுகிறது.

எம்பி3 கோப்பு இதற்கு ஆகாது. அந்த முறையில் சுருக்கும்போது தொடக்கத்திலும் முடிவிலும் சிறிய மௌனம் சேர்ந்துவிடுவதால் ஒவ்வொரு சுற்றிலும் தாளம் தடுக்கும். விளையாட்டு ஏற்பது ஓஜிஜி, வேவ் என்ற இரண்டு ஒலிக்கோப்பு வகைகளைத்தான். எம்பி3 கோப்பின் பெயரின் கடைசியில் ஓஜிஜி என்று மாற்றி எழுதினால் அது ஓஜிஜி ஆகிவிடாது; அப்படிச் செய்து பார்த்தபோது ஸ்மாபியின் கறுப்புச் சாளரத்தில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு நிரலில் திறந்து ஓஜிஜி வோர்பிஸாக ஏற்றுமதி செய்வதே சரியான வழி.

ஜேசன் கோப்பு சிறியதுதான், ஆனால் அதில் இரண்டு மாலைகள் போயின. நான் மாற்றும் வசந்த இசைக்கு விளையாட்டு வைத்திருக்கும் 'ஸ்பிரிங்1' என்ற ஒலிப்பெயருக்குக் கீழே கோப்பின் முழு இருப்பிடத்தைத் தர வேண்டும். அதற்கெனக் கன்டென்ட் பேட்சர் தரும் குறிச்சொல்லைப் பயன்படுத்தாமல், கோப்புறைப் பெயரை மட்டும் எழுதியிருந்ததால் விளையாட்டுக்குக் கோப்பு அகப்படவில்லை. அது சரியானதும் இசை வந்தது. ஆனால் அமைப்புகளில் இசை அளவைக் குறைத்தால் குறையவில்லை. 'கேட்டகரி' என்ற இடத்தில் 'மியூசிக்' என்று குறிப்பிடாவிட்டால் அந்த ஒலி எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாது. மீண்டும் மீண்டும் ஒலிக்க 'லூப்டு' என்பதை இயக்க வேண்டும். கோப்பை வட்டிலிருந்தே ஓடவிடும் 'ஸ்ட்ரீம்டுவோர்பிஸ்' என்பதையும் இயக்கி வைத்தேன். இல்லையென்றால் 96 விநாடி இசை விரிந்து நினைவகத்தில் ஏறத்தாழ 17 மெகாபைட் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

குழலுக்குப் பின்னணியாகத் தம்புராவையும் கலந்திருந்தேன். எல்லாம் சரி என்று நினைத்து அக்கா மகளை விளையாட விட்டேன். நான்கைந்து நிமிடம் கழித்து, களை பிடுங்குவதை நிறுத்தாமலேயே, "மாமா, இங்க ஒரு இடத்துல தம்புரா தடுக்குது" என்றாள். எனக்குக் கேட்கவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இணைப்பு வரும் இடத்துக்காகக் காத்திருந்தேன். அவள் சொன்னது உண்மை. குழலின் சமம் சரியாகத்தான் விழுகிறது. தம்புராவோ பஞ்சமம், சாரணி, அனுசாரணி என்று மூன்று தந்திகளை மீட்டிவிட்டு, நான்காவதான மந்தரத்துக்குப் போகாமல் மறுபடி பஞ்சமத்துக்குத் தாவுகிறது. குழலை ஆவர்த்தனக் கணக்கில் வெட்டிய நான், தம்புராவின் மீட்டல் சுற்றைக் கணக்கில் எடுக்கவே இல்லை. எட்டு ஆண்டுகள் தம்புராவின் முன் உட்கார்ந்து பயின்றும் அதை நான் ஒரே தொடர் ஒலியாகத்தான் கேட்டிருக்கிறேன் என்பது அன்று புரிந்தது.

தம்புராவின் ஒரு சுற்றை மட்டும் தனியாக எடுத்து, சரியாக 4 விநாடி இடைவெளியில் 24 முறை அடுக்கினேன். 96 விநாடி நிறைந்தது. அப்போது வேறொரு குறை தெரிந்தது. மந்தரத் தந்தியின் அதிர்வு அடுத்த சுற்றுக்குள்ளும் நீண்டு ஒலிப்பது. கோப்பின் முடிவில் அதை வெட்டியதால் தொடக்கம் வெறுமையாக இருந்தது. இதற்குக் கண்ட தீர்வு எளிது. முழு இசையையும் அடுத்தடுத்து இரண்டு முறை வைத்து, 192 விநாடிக்குக் கலந்து, அதில் இரண்டாவது பாதியை மட்டும் வெட்டி எடுத்தேன். அந்தப் பாதி தொடங்கும்போதே முந்தைய சுற்றின் ரீங்காரம் அதில் கலந்திருக்கிறது. வெட்டிய இடத்தை இப்போது என் காதாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா மகளும் ஒரு மாலை முழுதும் விளையாடிவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

சலிப்பு என்ற கேள்வி மிச்சமிருந்தது. விளையாட்டில் பத்து நிமிடம் என்பது நமக்கு 7 விநாடி. காலை 6 முதல் மாலை 6 வரை வயலிலேயே நின்றால் ஏறத்தாழ எட்டரை நிமிடம். அதற்குள் 96 விநாடிச் சுற்று ஐந்து முறை திரும்பிவிடும். கோப்பு இருப்பிடத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைத் தந்தால், இசை தொடங்கும் ஒவ்வொரு முறையும் அவற்றில் ஒன்றை விளையாட்டே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. அதே 12 ஆவர்த்தனங்களில் மேலும் இரண்டு வாசிப்புகளைப் பதிவு செய்தேன். ஒன்று பெரும்பாலும் மந்தர தைவதத்தைச் சுற்றி நடப்பது, மற்றது மேல் ஷட்ஜத்தை ஒரே ஒருமுறை மட்டும் தொடுவது. அழுத்தமான பிருகாக்களை, அந்த வேகமான சுர அடுக்குகளை, குறைத்தேன். நல்ல பிருகா முதல் முறை மகிழ்ச்சி தரும். ஐந்தாவது முறை அதே இடத்தில் அதே பிருகா வரும்போது காது அதற்காகக் காத்திருந்து அலுத்துப்போகிறது.

மழைநாளில் வயலில் பாட்டு ஒலிப்பதில்லை, மழைச் சத்தம்தான். அந்த 'ரெயின்' என்ற ஒலியையும் மாற்றினேன். ஐப்பசியில் எங்கள் மொட்டைமாடிப் படிக்கட்டின் தகரக் கூரைமேல் பெய்த வடகிழக்குப் பருவமழையை மூன்று நிமிடம் பதிவு செய்து வைத்திருந்தேன். அதைச் சுற்றுப்புற ஒலிகளுக்கான 'ஆம்பியன்ட்' வகையில் சேர்த்தேன். அதில் அழகான ஓர் இடி இருந்தது. ஆனால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அதே இடி இடித்ததால், மனமில்லாமல்தான் வெட்டினேன்.

குளிர்காலம் பாக்கி இருக்கிறது. திறந்த வயலில் பெரும்பாலான பயிர்கள் விளையாத அந்த 28 நாட்களுக்குத் தாலாட்டு ராகமான நீலாம்பரி வாசிப்பதாக எண்ணம். நிமிடத்துக்கு 45 தட்டாகக் குறைத்தால் 9 ஆவர்த்தனங்கள் சரியாக அதே 96 விநாடிக்குள் அடங்குகின்றன. தம்புராவின் 24 சுற்றுகளை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்ளலாம். வரும் சனிக்கிழமை இரவு ஒரு மணிக்குப் பதிவைத் தொடங்குகிறேன்.