ஹார்மோனியத்தில் இஸ்மிர் பாட்டுகள்: இதுவரை வந்தது

துருக்கிப் பாடகர் முவம்மர் கெதென்ஜோலுவைக் கேட்டுக் கேட்டு, துருக்கியின் மேற்குக் கடற்கரை நகரமான இஸ்மிரின் பாட்டுகளை வீட்டு ஹார்மோனியத்தில் பிடிக்கப் பார்க்கிறேன். எதுவரை கைக்கு வந்திருக்கிறது என்று எழுதி வைக்கிறேன், இதே பக்கம் வருகிற யாருக்காவது உதவும்.

முதலில் ஆளைப் பற்றி. 1964இல் இஸ்மிர் மாகாணத்தின் தீரே ஊரில் பிறந்தவர், அக்கார்டியன் வாசித்துக்கொண்டே பாடுவார். 2007இல் வந்த அவருடைய 'இஸ்மிர் ஹாத்திரசி' தொகுப்பில் துருக்கிப் பாட்டும் வரும், கிரேக்கப் பாட்டும் வரும், அங்கிருந்த யூதர்களின் லதீனோ பாட்டும் வரும். கிரேக்க இசை பாடும் துருக்கியர் என்று இவரை அறிமுகப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. சொந்த மண்ணின் பாட்டைத்தான் பாடுகிறார். 1922இல் இஸ்மிர் எரிந்து கிரேக்கர்கள் கப்பலேறும்வரை அது அவர்களுக்கும் ஊர்தான், ஸ்மிர்னா என்பார்கள். கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொண்ட 1923 ஒப்பந்தத்தில் சுமார் 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும் சுமார் 4 லட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்கும் என்று கணக்காயிற்று. பிரித்தது மதத்தை வைத்து மட்டும். வீட்டில் துருக்கி மொழியே பேசிய கிறிஸ்தவர்கள் ஏதென்ஸ் பக்கம் போனார்கள், கிரேக்கம் பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் இஸ்மிர் பக்கம் வந்தார்கள். பாட்டு மட்டும் இரண்டு கரையிலும் தங்கிவிட்டது.

சரி, வாசிப்புக்கு வருகிறேன். தொடங்கியது 'உஸ்குதார்' என்ற துருக்கிப் பாட்டில். நிஹாவெந்த் மகாம் (மகாம் என்பது நம் ராகம் மாதிரி), நாலு எண்ணிக்கைத் தாளம். நடபைரவியும் கீரவாணியும் தெரிந்த கைக்கு அது சிரமமே இல்லை. கிரேக்கர்கள் இதே மெட்டில் வேறு சொற்களை வைத்துப் பாடுகிறார்கள், பால்கன் நாடுகளில் ஆளாளுக்கு எங்கள் பாட்டு என்கிறார்கள்.

ஹிஜாஸ் என்ற மகாம் வந்ததும்தான் நிஜமான வேலை. ரெண்டு கட்டையில் ஸட்ஜம் வைத்துக்கொண்டேன், புஸூக்கி என்ற கிரேக்கத் தந்தி வாத்தியத்தில் மூன்று ஜோடிக் கம்பி வகையும் ரே, லா, ரே என்றுதான் கட்டப்படும் என்பதால் (மேல்நாட்டு ரே நமக்கு ரெண்டு கட்டை). ஸ ரி க ம வைத்தால் கட்டைவிரல் வெள்ளையில், அடுத்த இரண்டு விரலும் கறுப்பில், மோதிர விரல் மறுபடி வெள்ளையில். ரி சின்னது, க பெரியது, நடுவில் ஒரு பெரிய தாண்டல்: மாயாமாளவகௌளை பாடித் தொடங்கிய எவருக்கும் காதில் ஊறிய இடம். ஆனால் துருக்கியர்கள் பாடும்போது அந்த ரி கொஞ்சம் ஏறியும் க கொஞ்சம் இறங்கியும் நிற்கிறது, இடைவெளி சுருங்கிவிடுகிறது. ஹார்மோனியத்தில் அதற்குக் கட்டை கிடையாது. அக்கார்டியனிலும் கிடையாது, ரெண்டும் ரீடு வாத்தியம். கெதென்ஜோலு எப்படிச் சமாளிக்கிறார் என்று காது கொடுத்துக் கேட்டேன். அந்த இடங்களில் குரல்தான் முன்னே வருகிறது, வாத்தியம் ஒதுங்கி ஸவையோ மவையோ பிடித்துக்கொண்டிருப்பதாக எனக்குக் கேட்கிறது. அதையே செய்து பார்த்தேன். கட்டைகளைக் குறைத்து, துருத்தியை மெதுவாக அழுத்தி, ரி-க நகர்வைத் தொண்டைக்கு விட்டதும் பாட்டுக்கே உயிர் வந்தது. இந்த முயற்சியில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம் இதுதான்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது 'தி ஸே மேலி எஸேனானே'. ஒரு பெண் தன்னை எந்தப் பக்கம் என்று துருவுகிறவனிடம், கராதாசியோ கொர்தெலியோவோ உனக்கென்ன என்று மடக்குகிற ஸ்மிர்னா பாட்டு. கராதாசி இன்றைய கராதாஷ், கொர்தெலியோ வளைகுடாவுக்கு எதிர்க்கரையில் உள்ள கார்ஷியாகா. இதே மெட்டில் துருக்கியில் இருப்பது 'தாரில்தின் மி ஜிஜிம் பனா', கோபமா என்று செல்லமாகக் கேட்கிற பாட்டு. ரெண்டையும் மாற்றி மாற்றிப் பாடுகிறேன். துருக்கிச் சொற்கள் வாயில் சீக்கிரம் உட்கார்ந்தன, கிரேக்கத்தில் அழுத்தம் விழும் அசை மாறிக்கொண்டே இருப்பதால் மூச்சு எடுக்கும் இடத்தைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்புறம் ஒன்பது எண்ணிக்கை. துருக்கியில் ஸெய்பெக், கிரேக்கத்தில் ஸெய்பெகிகோ, ரெண்டும் ஒரே குடும்பத்து ஆட்டம். 2+2+2+3 என்று பிரித்து, 'தக தக தக தகிட' என்று சொல்லிக்கொண்டு தொடையில் தட்டினால் இதே ஒன்பதில் வரும் வேகமான கார்ஷிலாமா ஆட்டம் நன்றாகவே நிற்கிறது. மெதுவான ஸெய்பெக்தான் படுத்துகிறது. எண்ணிக்கைக்கு எண்ணிக்கை அவ்வளவு இடம் விட்டிருக்கிறது, அந்த இடத்தில் புஸூக்கியோ துருக்கித் தந்தி வாத்தியமான சாஸோ மீட்டல் கொடுத்து நிரப்பும், ஹார்மோனியமோ இழுத்துக்கொண்டே இருக்கும். கடைசி மூன்றில் விரலை எடுத்து ஒலியை வெட்டிப் பார்க்கிறேன், ஓரளவு சரியாக வருகிறது. தாளம் கைக்கு வந்ததும் ஸட்ஜத்தை மட்டும் ஒரு விரலில் பிடித்துக்கொண்டு, ஹிஜாஸில் ஒரு மெதுவான ஸெய்பெக்கை முழுதாக வாசித்துப் பதிவு செய்யப் போகிறேன்.