ரோஸ் கலராகிப் போன சிவப்பு மியாட்டா

மஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறைக் காரை, அதாவது 1989 முதல் 1997 வரை வந்த, ஹெட்லைட் எழுந்து நிற்கும் மியாட்டாவைச் சிவப்பு நிறத்தில் வாங்கியவர்களிடம் ஒரு பொதுவான புலம்பல் உண்டு. பானட்டும் டிக்கியும் வெளிறி ரோஸ் கலராகிவிட்டன; கை வைத்தால் சுண்ணாம்பு போல ஒட்டுகிறது; முழுக்க ரீபெயின்ட் அடிக்க வேண்டுமா? பெரும்பாலான கார்களுக்கு வேண்டாம். அந்தச் சிவப்பு ஏன் வெளிறுகிறது என்று புரிந்தால் போதும், வேலை பாதி முடிந்தது.

இந்தக் கிளாசிக் ரெட், கலர் கோட் எஸ்யு, சிங்கிள் ஸ்டேஜ் பெயின்ட். இன்றைய கார்களில் நிறம் ஒரு அடுக்கு, அதன்மேல் கண்ணாடி போன்ற கிளியர் கோட் இன்னொரு அடுக்கு. இதில் அந்த மேலடுக்கு கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கில். வெயிலின் புறஊதாக் கதிர் மேற்பரப்பில் இருக்கும் ரெசினை, அதாவது நிறத்துகள்களைப் பிடித்து வைக்கும் பிசினைச் சிதைக்கிறது. பிடிமானம் போனதும் நிறத்துகள்கள் தூளாக மேலே தங்கிவிடுகின்றன. நாம் பார்க்கும் ரோஸ் நிறம் அந்தச் செத்த தோல்தான். அதற்குக் கீழே சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆழத்திலேயே பழைய சிவப்பு அப்படியே இருக்கும்.

முதலில், உங்கள் கார் இன்னும் அந்தப் பெயின்ட்டில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். முப்பது வருடக் காரில் நாலு பேனலாவது யாராவது ரீபெயின்ட் அடித்திருப்பார்கள். வெள்ளைத் துணியில் துளி பாலிஷ் எடுத்து, மறைவான ஓர் இடத்தில் தேய்த்தால் போதும். துணி சிவந்தால் சிங்கிள் ஸ்டேஜ். அழுக்கு மட்டும் வந்தால் அந்தப் பேனலில் கிளியர் கோட் அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பேனலையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். ஒரே காரில் கதவு ஒரு மாதிரியும் ஃபெண்டர் வேறு மாதிரியும் இருப்பது சகஜம். கிளியர் கோட் வெள்ளையாகப் பொரிந்து உரிகிறது என்றால் எந்தப் பாலிஷும் அதைக் காப்பாற்றாது. அந்தப் பேனலுக்கு ரீபெயின்ட்தான் வழி, நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்தது பெயின்ட்டின் தடிமனை அளக்கும் மீட்டர். இங்கேதான் மியாட்டா காலை வாரும். இதன் பானட் அலுமினியம். இரும்பில் மட்டும் வேலை செய்யும் மலிவான மீட்டரை அதில் வைத்தால் ஒன்றும் காட்டாது. இரும்பு, அலுமினியம் இரண்டையும் அளக்கும் மீட்டர் வேண்டும். முன், பின் பம்பர்கள் பிளாஸ்டிக், அங்கே இரண்டுமே உதவாது. மற்ற பேனல்களில் 80 முதல் 130 மைக்ரான் காட்டினால் தொழிற்சாலைப் பெயின்ட் என்று எடுத்துக்கொள்ளலாம். 200-ஐத் தாண்டினால் மேலே ஒருமுறை அடித்திருக்கிறார்கள். 500, 1000 என்று எகிறினால் உள்ளே பட்டி பார்த்திருக்கிறார்கள். பேனலுக்கு ஐந்தாறு இடத்தில் அளந்து, மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டி வையுங்கள். மொத்தம் 100 மைக்ரான் என்றாலும் பிரைமர் போக நிறமுள்ள அடுக்கு அதில் பாதிகூட இருக்காது. நமக்குச் செலவழிக்கக் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்குதான். 70-க்குக் கீழே காட்டும் இடத்தில் மெஷினே வேண்டாம், கையால் மட்டும்.

கழுவுவதற்கு முன் ஹூட்டை, அதாவது மடக்கும் துணிக் கூரையைத் திறந்து, சீட் பெல்ட் கோபுரங்களுக்குப் பின்னால் இருக்கும் வடிகால் துளைகளைப் பாருங்கள். ஹூட்டில் விழும் மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கி வெளியேறும். இலையும் தூசியும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள சில் பெட்டிக்குள் போய்த் தேங்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் சில்லில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் துரு உள்ளிருந்து வருகிறது என்று அர்த்தம். அதன்மேல் பாலிஷ் போடுவது புண்ணை மூடி வைக்கும் வேலை. முதலில் டிங்கரிங்காரரிடம் காட்டி வெட்டி வெல்டிங் செய்துவிட்டு வாருங்கள்.

கழுவும்போது ஹெட்லைட்களைத் தூக்கி வையுங்கள். விளக்கைப் போடாமலே தூக்க உள்ளே தனிப் பொத்தான் இருக்கிறது. மூடியின் பக்கவாட்டில் சேரும் அழுக்குதான் பிறகு பாலிஷ் பேடில் ஏறிக் கீறும். இரண்டு வாளி (ஷாம்புக்கு ஒன்று, அலச ஒன்று), அமிலமோ காரமோ இல்லாத நடுநிலையான ஷாம்பு, நிழல். பிறகு இரும்புத்துகளைக் கரைக்கும் திரவம், 3 முதல் 5 நிமிடம், காயவிடக் கூடாது. வெள்ளைக் காரில் அது ஊதாவாக வழிவது பளிச்சென்று தெரியும். சிவப்பில் தெரியாது, கீழே சொட்டும் நுரையைப் பார்த்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். ஹூட்டின் பிளாஸ்டிக் பின்கண்ணாடியில் அது படாமல் மூடிவிடுங்கள். அடுத்து கிளே, அதாவது ஒட்டியிருக்கும் துகளை எடுக்கும் களிமண் போன்ற கட்டி, நிறைய ஷாம்புத் தண்ணீரோடு. கிளே சிவந்து வரும், பயப்பட வேண்டாம், அது அந்தத் தூள்தான்.

இனிமேல்தான் பலர் அவசரப்பட்டுக் காம்பவுண்ட், அதாவது அதிகமாக வெட்டும் பாலிஷ் எடுக்கிறார்கள். காய்ந்துபோன சிங்கிள் ஸ்டேஜ் பெயின்ட்டுக்கு முதலில் எண்ணெய் ஊட்ட வேண்டும். இதற்குப் பல வருடமாகப் பெயர் வாங்கியது மெகுவயர்ஸ் நம்பர் 7 கிளேஸ். மடித்த டெரி துணியில் தாராளமாக ஊற்றி, ஒரு பேனலில் அழுத்தித் தேயுங்கள். துணி நன்றாகச் சிவக்கும். மேல்தூள் இப்படியே கணிசமாக வந்துவிடும். துடைத்துவிட்டு, புதுத் துணியில் இன்னொரு கனமான பூச்சுப் போட்டு 12 முதல் 24 மணி நேரம் அப்படியே விடுங்கள். மறுநாள் அது பிசுபிசுவென்று பிடித்துக்கொண்டு துடைக்க வராது. பலத்தைக் காட்டாதீர்கள். அதன்மேலேயே கொஞ்சம் புதிதாகத் தடவினால் பழையது இளகிவிடும், உடனே துடையுங்கள். தொடங்கும் முன் பேனலின் நடுவே ஒரு டேப் ஒட்டி வைத்து, இப்போது அதை உரித்துப் பார்த்தால் நிறம் ஆழமாகியிருப்பது தெரியும். ஆனால் இது பாதுகாப்பு அல்ல. இத்தோடு நிறுத்திவிட்டால் சில வாரத்தில் பழையபடி மங்கும்.

மெஷின் என்றால் டூயல் ஆக்‌ஷன் பாலிஷர், அதாவது சுற்றிக்கொண்டே ஆடும் வகை; ஒரே அச்சில் மட்டும் சுற்றும் ரோட்டரி வேண்டாம். ரோட்டரி ஒரு விளிம்பில் இரண்டு நொடி நின்றால் பிரைமர் தெரியும். 15 மி.மீ. வீச்சு உள்ள மெஷினில் ஐந்தரை அங்குல பேட் பானட், டிக்கி, கதவுக்கு. ஹெட்லைட் மூடி, பக்கக் கண்ணாடியின் கால் போன்ற இடங்களுக்கு 3 அங்குல பேட். பானட் விளிம்பு, ஃபெண்டரின் மேல்வரை, கதவின் ஓரம் எல்லாவற்றிலும் டேப். கறுப்புப் பிளாஸ்டிக், ரப்பர் எல்லாவற்றையும் மூடுங்கள். அவற்றில் பாலிஷ் காய்ந்தால் வெள்ளைத் தடம் லேசில் போகாது.

மிருதுவான ஃபோம் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் வைத்து 45 செ.மீ. சதுரத்தில் ஒரு சோதனை. பட்டாணி அளவில் 3, 4 துளி. வேகம் 6-இல் 4 அல்லது 5. கை நகரும் வேகம் நொடிக்கு 2, 3 செ.மீ. குறுக்கும் நெடுக்குமாக 4 முதல் 6 முறை. பேடின் முதுகில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு சுற்றாமல் நின்றால் அழுத்தம் அதிகம், வெட்டவே வெட்டாது. இந்தப் பெயின்ட் பெரும்பாலும் மிருதுவானது, இதிலேயே எண்பது சதவீதம் சரியாகிவிடும். போதவில்லை என்றால் முதலில் பேடை மாற்றுங்கள், பிறகுதான் காம்பவுண்டுக்குப் போங்கள். மைக்ரோஃபைபர் பேடும் காம்பவுண்டும் சேர்ந்தால் ஒரு சுற்றுக்கு 2 முதல் 4 மைக்ரான் போகும், ஃபினிஷிங் ஃபோமில் 1-க்கும் குறைவு. டேப்பில் எழுதி வைத்த எண்ணைப் பார்த்து முடிவெடுங்கள். ஆழமான நாலு கீறலைத் துரத்திக்கொண்டு பானட் முழுவதையும் மெலிய வைக்கிறவர்கள் ஏராளம். என் கணக்கில் அந்தக் கீறல்கள் அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்.

சிங்கிள் ஸ்டேஜில் எல்லோரும் சறுக்கும் இடம் பேட்தான். ஒரு சதுரம் முடிவதற்குள் பேட் ரத்தச் சிவப்பாகிவிடும். செத்த பெயின்ட்டும் பாலிஷும் சேர்ந்து காய்ந்து சிறு உருண்டைகளாகத் திரளும். அந்த உருண்டைகள் வால் சுருண்ட சிறு கீறல்களைப் போட்டுக்கொண்டே போகும். “பாலிஷ் போடப் போட மங்கலாகுது” என்று சொல்பவர்களுக்கு நடப்பது இதுதான். ஒவ்வொரு சதுரத்துக்கும் பேடை பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு பேனலுக்கும் புது பேட். சின்னக் கார்தான், ஆனாலும் 8 முதல் 10 பேட் இல்லாமல் இறங்காதீர்கள்.

பம்பரை வேறு மாதிரி நடத்த வேண்டும். பிளாஸ்டிக் சூட்டைக் கடத்தாது, சூடு பெயின்ட்டிலேயே நிற்கும், மிருதுவாகி இழுபடும். வேகத்தை 3-க்குக் குறைத்து, இரண்டு மூன்று முறை ஓட்டியதும் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுடுகிற மாதிரி இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

கல் பட்ட பொட்டுகளை நிறம் மீண்ட பிறகே தொடுங்கள். வெளிறிய பானட்டில் எஸ்யு டச்-அப் பெயின்ட் வைத்தால் அம்மை போட்டது போலத் தெரியும். பொட்டைச் சுத்தம் செய்து, உலோகம் தெரிந்தால் பிரைமர். அலுமினிய பானட்டில் எட்ச் பிரைமர், அதாவது உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் வகைதான் ஒட்டும். டப்பாவோடு வரும் பிரஷ் தடிமனானது, பல்குத்தி நுனியே போதும். மெல்லிதாக 3, 4 அடுக்கு, நடுவில் அரை மணி முதல் ஒரு மணி நேரம். சுற்றியுள்ள மட்டத்தைவிடச் சற்று மேடாக நிற்க வேண்டும். சில நாள் காய்ந்ததும் சிறு கட்டையில் 2500, பிறகு 3000 வாட்டர் பேப்பர், மேட்டின் மேல் மட்டும். அப்புறம் அந்த இடத்துக்கு ஃபினிஷிங் பாலிஷ்.

பாதுகாப்புக்கு முன் எண்ணெயை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எதுவும் ஒட்டாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் 15 சதவீதம் கலந்து, தெளித்து உடனே துடைத்துவிடுங்கள். ஊற வைத்தால் நிறத்தையும் இழுக்கும்.

செராமிக் கோட்டிங் போடலாமா? ஒட்டும், தண்ணீர் உருண்டோடும், கழுவுவது சுலபமாகும். ஆனால் அதன் தடிமன் ஏறத்தாழ ஒரு மைக்ரான்தான். வெயிலையும் கல்லையும் அது நிறுத்துமென்று நம்பி இரவு பகலாக வெளியே நிறுத்தினால் இரண்டு கோடையில் மறுபடியும் ரோஸ். அதை எடுக்க மீண்டும் பாலிஷ் போட வேண்டும், அதாவது இன்னும் கொஞ்சம் பெயின்ட் போகும். இந்தப் பெயின்ட்டுக்குச் செயற்கை சீலன்ட்டே, அதாவது மெழுகு போலத் தடவும் செயற்கைப் பாதுகாப்புப் பூச்சே பொருத்தம் என்பேன். மெல்லிதாக இரண்டு பூச்சு, நடுவில் 12 மணி நேரம், பிறகு நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை. மேலே கார்னௌபா மெழுகு அழகுக்கு, ஒன்றிரண்டு மாதம் நிற்கும். முன் பம்பருக்கும் ஹெட்லைட் மூடிக்கும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவது நல்லதுதான். ஆனால் அங்கே ரீபெயின்ட் இருந்தால், ஃபிலிமை உரிக்கும் நாளில் பெயின்ட்டும் சேர்ந்து வரலாம்.

கவர் போடுவதென்றால் காற்று போகும் துணிக் கவர், கழுவிய கார் மீது மட்டும். தூசி படிந்த காரில் போட்டால் காற்றில் ஆடி ஆடி அதுவே வாட்டர் பேப்பர் வேலை பார்க்கும். தார்பாய் கூடவே கூடாது, உள்ளே ஈரம் கட்டிக் கொப்பளம் வரும். பறவை எச்சம் விழுந்தால் தேய்க்காமல், ஈரத் துணியை 5 நிமிடம் போட்டு வைத்து எடுத்துவிடுங்கள். கழுவும்போது பானட்டில் தண்ணீர் உருளாமல் தட்டையாகப் பரவத் தொடங்கினால் சீலன்ட் தேய்ந்துவிட்டது. வெள்ளைத் துணியில் மறுபடி லேசாகச் சிவப்பு ஒட்டத் தொடங்கும் முன் அடுத்த பூச்சைப் போட்டுவிடுங்கள்.